பாம்புப் பெட்டியின் சூட்டுக்குப் பெற்றோரும் பொறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியாவில் வாழும் நம்மவர் வீடுகளிலும் பிள்ளைகள் ராயல் பைத்தான், கோர்ன் ஸ்னேக் போன்ற நஞ்சில்லாத பாம்புகளை ஆசைப்பட்டு வளர்க்கிறார்கள். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்த பெற்றோராகிய நாமோ, பிள்ளையின் பிடிவாதத்துக்கு இணங்கி வாங்கிக் கொடுத்துவிட்டு, "உன் பாம்பை நீயே பார்த்துக்கொள்" என்று அறைக் கதவைச் சாத்திவிடுகிறோம். அப்படிக் கதவைச் சாத்திய ஒரு தந்தை என்ற முறையில், அந்தப் பெட்டியின் சூட்டைப் பற்றி மட்டும் சில விடயங்களைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் மகளுக்கு 13 வயது. அவளுடைய ராயல் பைத்தான் நான்கடி நீள மரப்பெட்டியில், அடியில் ஹீட் மாட் (மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு) விரித்த ஒரு மூலையில், பதுங்குபெட்டிக்குள் சுருண்டு கிடப்பது வழக்கம். கடந்த குளிர்காலத்தில் ஒருநாள் மாலை அவள் பெட்டித் தரையில் பரப்பியிருந்த மரச்சிராயை மாற்றியபோது, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவியின், வெப்பத்தை அளக்கும் உணரிக் கம்பியை வெளியே எடுத்து வைத்தவள் மறுபடி உள்ளே வைக்க மறந்துவிட்டாள். பெட்டிக்கு வெளியே தொங்கிய உணரி அறையின் குளிரை அளந்துகொண்டிருந்ததால், இன்னும் சூடு போதவில்லை என்று எண்ணிய தெர்மோஸ்டாட் விடியும்வரை ஹீட் மாட்டை முழு வேகத்தில் ஓடவிட்டது. இரண்டு நாட்கள் கழித்துத்தான் பாம்பின் வயிற்றுச் செதில்கள் இளஞ்சிவப்பாகி, ஓரங்களில் கொப்புளம் கட்டியிருப்பதை அவள் கண்டாள். வெறும் பெட்டியில் உணரியை மீண்டும் வெளியே தொங்கவிட்டு ஓரிரவு ஓடவைத்து நான் அளந்தபோது, பதுங்குபெட்டியின் கீழ்த் தரை 48 பாகை செல்சியசைக் காட்டியது. மிருக வைத்தியரின் களிம்பாலும், மரச்சிராய்க்குப் பதிலாகக் காகிதத் துவாய் விரித்து நாள்தோறும் மாற்றியதாலும் புண் ஆறியது. ஆனாலும் மூன்று தடவை சட்டை உரித்த பிறகே செதில்கள் ஓரளவு பழைய நிலைக்கு வந்தன. மின்னிணைப்பு வேலையில் இருபது ஆண்டுகளாக இருந்து, மற்றவர்களின் வீடுகளைச் சோதித்துக் கொடுக்கும் நான், என் வீட்டு மாடியறையிலிருந்த அந்த ஒரு கம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

சுட்டால் பாம்பு தானாக விலகிவிடாதா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். விலகும் என்று நம்பியிருக்க முடியாது. உதட்டோரத்திலுள்ள குழிகளால் கும்மிருட்டிலும் எலியின் உடற்சூட்டை உணரக்கூடிய இந்தப் பாம்பு, தன் வயிற்றின் கீழேயுள்ள சூடு தோலைக் கருக்கும் அளவுக்கு ஏறினாலும், பல நேரங்களில் அங்கேயே கிடந்துவிடுகிறது. கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆபிரிக்க நாடுகளில் எலி வளைகளிலும் கைவிடப்பட்ட கறையான் புற்றுகளிலும் வாழும் இனம் இது. அங்கே கடுஞ்சூடு மேலேயுள்ள வெயிலிலிருந்து வருவது, கீழே போகப் போகக் குளிர்ச்சி. அடியிலிருந்து சுடும் தரை என்பது அதன் வாழ்க்கைக்குப் பழக்கமில்லாத ஒன்று. சூடேற்றும் செயற்கைக் கற்களைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது என்று வைத்தியர் எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னதற்கும், அவை இடத்துக்கு இடம் ஒரு சீராகச் சுடாமல் வயிற்றைப் புண்ணாக்கிவிடுவதே காரணம்.

சூடு குறைந்தாலும் ஆபத்துத்தான். தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்க முடியாத பாம்பு, இடம் மாறி மாறியே அதைச் சரிசெய்கிறது. போதிய சூடு கிடைக்காவிட்டால் விழுங்கிய எலி செரிக்காமல் வெளியே வந்துவிடும், சுவாசத் தொற்றும் தொடரலாம். ஆகவே ராயல் பைத்தானின் பெட்டியில் சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33 பாகை வரையும், எதிர்ப்பக்கம் 24 முதல் 27 பாகை வரையும் இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒவ்வொரு பதுங்குபெட்டி இருந்தால்தான், ஒளிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அது சூட்டிலோ குளிரிலோ அடைபட்டுக் கிடக்காது. கோர்ன் ஸ்னேக்குக்கு இதைவிடச் சற்றுக் குறைந்த சூடு போதும்.

இந்த எண்களை எதனால் அளக்கிறோம் என்பது எண்களைப் போலவே முக்கியமானது. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வடிவ வெப்பமானி அது ஒட்டியிருக்கும் இடத்துக் காற்றைத்தான் காட்டும். பாம்பின் வயிறு படும் தரையை அது அறியாது. தூரத்திலிருந்து சுட்டிக்காட்டி மேற்பரப்பை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டின் முகப்பில் தெரியும் எண்ணையும் அதன்படியே சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் உணரி இருக்கும் இடத்தைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. உணரி நகர்ந்தாலும், தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து நனைந்தாலும், பாம்பு அதன்மேல் படுத்தாலும் பெட்டியின் சூடு மாறிவிடும். எங்கள் வீட்டில் இப்போது அந்தக் கம்பியைப் பெட்டிச் சுவரில் கிளிப் போட்டு இறுக்கி, சுத்தம் செய்யும்போது முதலில் ஹீட் மாட்டின் பிளக்கைக் கழற்றுவதும், உணரி இடத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மறுபடி மாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. மரச்சிராயைத் தடிப்பாகக் கொட்டி அடிச்சூட்டை மூடுவதும் தவறு. சூடு மேலே வர வழியின்றி அடியில் தேங்கும், பாம்பு தோண்டிக்கொண்டு போய் நேராக அதன்மேல் படுக்கும்.

ஹீட் மாட்டுக்குப் பதிலாகச் செராமிக் ஹீட்டர் பொருத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒளி தராமல் சூடு மட்டும் தரும் அந்தக் குமிழின் மேற்பரப்பு 200 பாகையையும் தாண்டக்கூடியது. அதற்குப் பீங்கான் ஹோல்டர் தேவை. பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். பாம்பு ஏறிச் சுற்றிக்கொள்ளாதபடி குமிழைச் சுற்றிக் கம்பிக்கூடும் தேவை. ஒளி தரும் சூட்டுக் குமிழுக்கு, மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகைத் தெர்மோஸ்டாட்டும், செராமிக்குக்கு, மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் பல்ஸ் வகையும் பொருந்தும். 100 வாட் குமிழுக்கு அரை அம்பியர் மின்னோட்டமே போதும். அதன் பிளக்கில் 13 அம்பியர் ஃபியூஸ் இருந்தால், மெல்லிய கம்பி சூடேறி எரியத் தொடங்கினாலும் அந்த ஃபியூஸ் போகாமலிருக்கலாம். 3 அம்பியர் ஃபியூஸ் போடுங்கள். சுருட்டிய நீட்டிப்புக் கம்பியில் இவற்றை மாட்டவே வேண்டாம்.

கோடையையும் மறந்துவிடக் கூடாது. 2022 யூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவான நாளில், மாடியறைகளில் வைத்திருந்த பெட்டிகளுக்குக் குளிர்ந்த பக்கம் என்று ஒன்றே இருந்திருக்காது. அறை அவ்வாறு கொதிக்கும்போது தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்துமே தவிர, பெட்டியைக் குளிர்விக்காது; பெட்டியைக் கீழ்த்தளத்துக்கு இறக்குவது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. யன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் கண்ணாடித் தொட்டியை வைப்பதோ எந்தக் காலத்திலும் கூடாது.

இவையெல்லாம் பிள்ளையின் பொறுப்பு என்று நினைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 16 வயதுக்குட்பட்டவருக்கு விலங்கை விற்பதைத் தடைசெய்கிறது. அந்த வயதுப் பிள்ளையின் பொறுப்பிலுள்ள விலங்குக்கு, பிள்ளையைப் பராமரிப்பவரையே பொறுப்பாளியாகக் கொள்கிறது. விலங்குக்கு ஏற்ற சூழலை அமைத்துக் கொடுப்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கும். பாம்பைத் தொட அஞ்சும் தாய்க்கும் தந்தைக்கும் இதில் ஒரு ஆறுதல் உண்டு: சூட்டைச் சரிபார்க்கப் பாம்பைத் தொடவே வேண்டியதில்லை, கண்ணாடிக் கதவைச் சற்றே நகர்த்தி வெப்பமானியைச் சுட்டினால் போதும்.

நத்தாருக்குப் பிள்ளைக்குப் பாம்பு வாங்கிக் கொடுக்க எண்ணியிருப்பவர்கள், பெட்டியையும் ஹீட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் முதலில் வாங்கி, வெறும் பெட்டியை ஒரு வாரம் இரவும் பகலும் ஓடவிட்டு, காலையும் இரவும் இரு பக்கத்து எண்களையும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். அந்தத் தாளில் எண்கள் ஏறி இறங்காமல் நின்ற பிறகு கடைக்குப் போகலாம்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
ஹாரோ, லண்டன்