நடமாடுற மனுசங்களையும் பெரிய ஃபிலிம்ல எடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல பெரிய ஃபிலிம் போட்டோகிராபி பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன், ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு தமிழ் பேப்பர்ல இதைப் பத்தி படிக்க சந்தோஷமா இருந்துச்சு, ஆனா அதுல ஒரு விஷயத்தை என்னால ஒத்துக்க முடியல. நாலுக்கு அஞ்சு இன்ச் ஃபிலிம்னா ஸ்டாண்டு, கறுப்புத் துணி, அசையாத கட்டடம், இவ்வளவுதான்னு எழுதியிருந்தாங்க. உதாரணத்துக்கு லின்னேயஸ் ட்ரைப்ங்கற வெள்ளைக்கார போட்டோகிராபர் 1858ல எடுத்த தஞ்சாவூர் பெரிய கோயில் படத்தைச் சொல்லியிருந்தாங்க. அது பெரிய உழைப்புதாங்க, விமானத்தோட அடித்தளத்துல இருக்கற கல்வெட்டை துண்டு துண்டா எடுத்து 21 பிரிண்ட்டை ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்குனாரு மனுசன். ஆனா கல்வெட்டு வெச்ச இடத்துலயே இருக்கும். நாத்து நடுறவங்க இருக்க மாட்டாங்க, தேர் வடம் பிடிக்கறவங்க இருக்க மாட்டாங்க, புறப்பாட்டுல நாகஸ்வரம் வாசிச்சுக்கிட்டே நடக்கறவர் இருக்க மாட்டார். நம்ம டெல்டால எடுக்க வேண்டியதே இவங்களைத்தான், இவங்களை பெரிய ஃபிலிம்ல எடுக்கறதுக்கு ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரத்தைக் கணிச்சு ஃபோகஸ் பண்ண உதவற கருவி, வெச்ச கேமரான்னு ஒண்ணு இருக்கு, கட்டுரைல அதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல.

ஸ்டாண்டுல வெச்சு எடுக்கற சாதாரண வியூ கேமரால பின்னாடி கிரவுண்ட் கிளாஸ்ங்கற சொரசொரப்புக் கண்ணாடில தலைகீழா தெரியற படத்தைப் பார்த்து ஃபோகஸ் பண்ணி, ஷட்டரை மூடி, ஃபிலிம் இருக்கற ஹோல்டரைச் சொருகி, அதோட மூடியான டார்க் ஸ்லைடை உருவறதுக்குள்ள ஆள் நாலு அடி தள்ளிப் போயிருப்பாரு. ரேஞ்ச்ஃபைண்டர்ல ஹோல்டர் முன்னாடியே உள்ள இருக்கும். சின்ன ஜன்னல்ல ரெட்டையா தெரியற உருவம் ஒண்ணாச் சேரற வரைக்கும் லென்ஸை நகர்த்தி, சேர்ந்த உடனே அமுக்க வேண்டியதுதான். லென்ஸ் நகர நகர ஒரு லீவர் உள்ள இருக்கற கண்ணாடியைத் திருப்புது, அந்த லீவருக்கும் லென்ஸோட ஃபோகல் லென்த்துக்கும் இருக்கற கணக்கு சரியா இருக்கணும், மொத்த சூட்சுமமும் அங்கதான். அதனால புதுசா வாங்கறவங்களுக்கு நான் சொல்றது, கேமரா பேரைப் பார்த்து மயங்காம எந்த லென்ஸுக்கு ரேஞ்ச்ஃபைண்டர் செட் ஆகியிருக்குன்னு முதல்ல கேளுங்க.

லின்ஹாஃப் டெக்னிகா அருமையான கேமரா, ஆனா கனமும் ஜாஸ்தி விலையும் ஜாஸ்தி, ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியா ஒரு கேம், அதாவது ரேஞ்ச்ஃபைண்டரை லென்ஸோட இணைக்கற வளைவுத் தகடு, தேய்ச்சு லென்ஸ் நம்பரை அதுல வெட்டியிருப்பாங்க, லென்ஸ் ஒரு இடத்துல கேம் ஒரு இடத்துலன்னு வாங்கினா அது சும்மா ஒரு பெட்டிதான். முதல் கேமராவா கிராஃப்லெக்ஸ் கம்பெனியோட கிராஃபிக்கைத்தான் நான் சொல்வேன். கிரௌன் கிராஃபிக் லேசா இருக்கும். ஸ்பீட் கிராஃபிக் கொஞ்சம் கனம், ஆனா அதுக்குள்ளயே பின்பக்கம் துணி ஷட்டர் இருக்கு, 1/1000 செகண்ட் வரைக்கும் போகும், அதனால ஷட்டரே இல்லாத பழைய லென்ஸையும் மாட்டலாம். நம்ம ஊர் ஸ்டுடியோக்கள்ல பித்தளை உடம்போட, மூடியைத் திறந்து மூடி எடுக்கற லென்ஸ் நிறைய இருந்துச்சே, அதுக்கெல்லாம் இதுல வாழ்வு உண்டு, என்ன ஒண்ணு ஃபோகல் லென்த் ரொம்ப நீளமா இருந்தா ரேஞ்ச்ஃபைண்டர் அதோட சேர்ந்து வேலை செய்யாது. பக்கவாட்டுல கலார்ட் ரேஞ்ச்ஃபைண்டர் வெச்ச மாடலை ஒரு நேரத்துல ஒரு லென்ஸுக்குத்தான் செட் பண்ண முடியும், 1955லேர்ந்து வந்த, மேல ரேஞ்ச்ஃபைண்டர் வெச்ச மாடல்ல லென்ஸுக்கு ஏத்த மாதிரி கேமை மாத்திக்கலாம்.

அந்த கேம்ங்கறது ஒரு சின்ன உலோகத் தகடு, வளைவு சரியா இருக்கணும், அவ்வளவுதான். உங்க லென்ஸுக்கு கேம் கிடைக்கலைன்னா பித்தளைத் தகட்டுல கோடு போட்டு, கொஞ்சம் கொஞ்சமா அரம் போட்டு, ஒவ்வொரு தடவையும் கிரவுண்ட் கிளாஸ்ல சரிபார்த்துச் செஞ்சுக்கலாம். குத்துவிளக்கு கடையற நாச்சியார்கோயில்ல பித்தளை வேலை தெரிஞ்ச கைக்கு என்ன பஞ்சம்? லென்ஸை மாட்டற பலகையான லென்ஸ் போர்டும் அப்படித்தான், மெட்ராஸ் போய் அலைய வேண்டிய அவசியமே இல்ல.

அடுத்து, எடுத்த உடனே படம் தர்ற போலராய்டு கேமராவுல 110ஏ, 110பி மாடல். இதுக்கான ரோல் ஃபிலிம் 1992லயே நின்னு போச்சு, பேக் ஃபிலிமுக்கு (பாக்கெட்டா வர்ற உடனடி ஃபிலிம்) மாத்தி வெச்சிருந்தவங்களுக்கும் 2016ல ஃபுஜி கடைசியா கையை விரிச்சிருச்சு, ஆனா முன்னாடி இருக்கற ரோடன்ஸ்டாக் யசாரெக்ஸ் 127 எம்எம் லென்ஸ் நாலுக்கு அஞ்சு ஃபிலிமை மூலை வரைக்கும் ஒரு வழியா மூடிடும். பின்கதவைக் கழட்டி, ரோல் உக்கார்ற ரெண்டு பக்கத்தையும் வெட்டி, ஹோல்டரைப் பிடிச்சுக்கற நாலுக்கு அஞ்சு ஸ்பிரிங் பேக் ஒண்ணை வெச்சா கைல பிடிச்சு எடுக்கற பெரிய ஃபிலிம் கேமரா ரெடி. 110பில ஃபோகஸும் ஃபிரேமும் ஒரே ஜன்னல்ல தெரியும், 110ஏல ரெண்டு ஜன்னல், அதனால நான் பி பக்கம்தான். லென்ஸை மட்டும் மாத்தாதீங்க, ரேஞ்ச்ஃபைண்டர் அந்த 127க்குன்னே பண்ணது. நல்லா முழுசா இருக்கற கேமராவை வெட்டவும் எனக்கு மனசு வராது, பின்பக்கம் துருப்பிடிச்சதோ கதவு உடைஞ்சதோ கிடைச்சா அதுல கை வைங்க.

வெட்டறது சுலபம், ஃபிலிம் எந்த இடத்துல உக்காருதுங்கறதுதான் வேலையே. நாலுக்கு அஞ்சு ஹோல்டர்ல வாய்லேர்ந்து ஃபிலிம் வரைக்கும் ஆழம் 5 மில்லிமீட்டர், கிரவுண்ட் கிளாஸோட சொரசொரப்புப் பக்கமும் அதே ஆழத்துல இருக்கணும். லென்ஸை முழுசா திறந்து எஃப் 4.7ல எடுக்கறப்போ பின்னாடி அரை மில்லிமீட்டர் தப்பினா அஞ்சடி தூரத்துல ஃபோகஸ் ரெண்டு இன்ச்சுக்கு மேல தள்ளிப் போயிடும், பத்தடில முக்கால் அடிக்கு மேல போயிடும், கண்ணைப் பார்த்து ஃபோகஸ் பண்ணியிருப்பீங்க, தோள்பட்டை ஷார்ப்பா வரும். அதனால லேத் பட்டறைல கொடுக்கறப்போ வெர்னியர்ல அளந்து கொடுங்க, வாங்கறப்பவும் அளந்து வாங்குங்க.

செட் பண்றதுக்கு நம்ம ஊர் மாதிரி வசதியான ஊர் கிடையாது. மலை மேடு ஒண்ணும் இல்லாத தட்டை பூமி, ஒரு கிலோமீட்டர் தள்ளி வயல் வரப்புல ஸ்டாண்டைப் போட்டா மன்னார்குடி ராஜகோபுரக் கலசமோ பெரிய கோயில் விமானமோ தெளிவா தெரியும், அதை வெச்சு இன்ஃபினிட்டியை, அதாவது ரொம்ப தூரத்து ஃபோகஸை, செட் பண்ணிடலாம். ராத்திரின்னா செல்போன் டவர் உச்சில இருக்கற சிகப்பு லைட் இன்னும் சுலபம், ரெண்டு புள்ளி ஒண்ணாச் சேருதான்னு பார்த்தா போதும். அப்புறம் அஞ்சடில ஒரு நியூஸ் பேப்பரை ஒட்டி கிட்ட தூரத்தை சரி பண்ணிட்டு, பத்தடில திரும்ப சரிபாருங்க. கிட்ட செட் பண்ணா இன்ஃபினிட்டி கொஞ்சம் நகரும், திரும்ப அங்க போகணும், பொறுமை வேணும். ஜன்னல்ல ரெண்டாவது உருவம் மங்கலா இருந்தா உள்ள இருக்கற அரைப்பூச்சுக் கண்ணாடி போயிருக்கும், அதை மாத்திக்கலாம், பயப்பட வேண்டாம். பெல்லோஸை, அதாவது மடிப்புத் துருத்தியை மட்டும் இருட்டு ரூம்ல உள்ள டார்ச் விட்டுப் பாருங்க, ஊசி ஓட்டை தெரியும். ஐப்பசி கார்த்திகை ஈரத்துல தோல் பைக்குள்ள வெச்ச லென்ஸ்ல பங்கஸ் பிடிக்கறது நிச்சயம், சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வைங்க.

ஃபிலிம் விலையைப் பத்தி கட்டுரைல கவலைப்பட்டிருந்தாங்க, நியாயம்தான். பழகறதுக்கு எக்ஸ்ரே ஃபிலிம் போதும், எட்டுக்கு பத்து ஒண்ணை வெட்டினா நாலு கிடைக்கும், பச்சை வெளிச்சத்துக்கான ரகம்னா சிகப்பு லைட் போட்டுக்கிட்டே கழுவலாம். ரெண்டு பக்கமும் ஒளி பதியற பூச்சான எமல்ஷன் இருக்கறதால சீக்கிரம் கீறல் விழும். சிகப்பு நிறம் அதுல பதியாது, குங்குமமும் அரக்குப் பட்டும் கறுப்பா வரும், மனுச முகமும் அழுத்தமா வரும், எனக்கு அது பிடிக்கும். முக்கியமான படத்துக்கு இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ், 400 ஸ்பீடு, கைல பிடிச்சு எடுக்க அதுதான் தோது.

உங்க கிட்ட ஒரு வேண்டுகோள். கும்பகோணம், மாயவரம், திருவாரூர்னு நம்ம பக்கம் மூடிப்போன ஸ்டுடியோக்காரங்க வீட்டுப் பரண்ல இந்த சாமான் இன்னும் கிடக்கு, பித்தளை விலைக்கும் பழைய இரும்பு விலைக்கும் எடைக்குப் போயிட்டிருக்கு. வீட்டுக்காரங்க கேமராவை ஒருத்தர்கிட்ட, லென்ஸை ஒருத்தர்கிட்ட, ஹோல்டரை ஆக்கர்கடைலன்னு பிரிச்சுப் போடாம மொத்தமா சேர்த்துக் கொடுக்கணும்னு நீங்க ஒரு பெட்டிச் செய்தியா போட்டா உதவியா இருக்கும். ஹோல்டரை அளந்து பார்க்கவும் சொல்லுங்க, நம்ம ஸ்டுடியோக்கள்ல இருந்தது நிறைய ஹாஃப் பிளேட், அதாவது நாலே முக்காலுக்கு ஆறரை இன்ச், அது நாலுக்கு அஞ்சு கேமராவுல உக்காராது, அதை வியூ கேமரா வெச்சிருக்கறவங்களுக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ தொழில்ல இருந்த ஒரு வாசகர்,
மன்னார்குடி