பினாங்கிலிருந்து அத்தாவுக்கு

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

தங்கச்சி வளையலை அடகு வைத்து, வட்டி கட்டியே மாளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மனசு ஆறவில்லை.

போன வாரம் எங்கள் கடையில் வேலை பார்க்கும் மலாய்க்கார அக்கா சங்கிலியை அடகு வைக்கக் கூடவே போனேன். வட்டியில்லா அடகை இங்கே அர்-ரஹ்னு என்கிறார்கள். 1992-இல் இங்குள்ள திரெங்கானு மாநிலத்தில் தொடங்கியது. சங்கிலியைக் கல்லில் உரசி, எடை போட்டு, பையில் வைத்து அந்த அக்கா கண்ணெதிரே சீல் வைத்தார்கள். கடனுக்கு வட்டி கிடையாது. நகையைப் பாதுகாக்க மாதக் கூலி மட்டும். அதையும் நகையின் மதிப்பை வைத்துத்தான் போடுகிறார்கள். மீட்க முடியாமல் ஏலம் போனாலும் கடனும் கூலியும் கழித்து மிச்சத்தை நகைக்காரரிடமே தந்துவிட வேண்டும்.

தாபோங் ஹாஜி என்ற இங்குள்ள ஹஜ் சேமிப்பு நிதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிலத்தையும் மாட்டையும் விற்று ஹஜ்ஜுக்குப் போய் வந்து, அப்புறம் வறுமையில் விழுந்த கிராமத்தாருக்காக, பேராசிரியர் உங்கு அசீஸ் 1959-இல் சொன்ன யோசனை அது. 1963-இல் நடைமுறைக்கு வந்தது. ஏழைகள் சிறுகச் சேர்த்த பணம் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம்வரை முதலீடாகி லாபம் தருகிறது. ஆனால் அங்கேயும் சொத்தைவிடக் கடன்பாடு கூடி, 2018-இல் அரசு கைகொடுக்க வேண்டிவந்தது. வட்டியை ஒழித்தால் மட்டும் போதாது அத்தா, கணக்கும் சுத்தமாக இருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. 1983 முதல் இங்கே இஸ்லாமிய வங்கி உண்டு. கடன் கொடுப்பதற்குப் பதில் தொழிலின் லாபத்திலும் நட்டத்திலும் வங்கி பங்காளியாவதுதான் உயர்ந்த முறை என்பார்கள். நடப்பிலோ பெரும்பாலும் பொருளை வாங்கி, லாபம் வைத்து, தவணைக்கு விற்கிறார்கள். கடைக்காரர் உண்மையான லாபத்தைக் காட்டுவாரா என்ற பயம் வங்கிக்கு. ஈடு காட்ட ஒன்றுமில்லாத நம் கடையநல்லூர்த் தறிக்காரர் போன்றவருக்குத்தானே பங்காளி வேண்டும்?

நம் நாட்டில் வட்டியில்லா வங்கி யோசனையை ரிசர்வ் வங்கி 2017-இல் கைவிட்டுவிட்டது. சரி, வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் ஊர்ப் பொது நிதியாகப் பைத்துல்மால் நடத்தலாமே? நம் பக்கம் சில ஊர்களில் நடக்கிறது. ஜமாஅத் கூட்டத்தில் நீங்களே பேச்சை எடுங்கள். யார் கணக்கு எழுதுவது, வெளியாளை வைத்து எப்போது தணிக்கை செய்வது, இதெல்லாம் முதலிலேயே எழுத்தில் இருக்கட்டும். நகை இல்லாதவருக்கு இருவர் ஜாமீன் போதும் என்று வையுங்கள். இல்லாவிட்டால் விதவைகளுக்கு அது எட்டாது.

அடுத்த மாதம் அனுப்பும் பணத்தில் முதலில் வளையலை மீட்டுவிடுங்கள். மிச்சத்தைப் பைத்துல்மாலுக்கு என் பங்காக வையுங்கள்.

உங்கள் அன்பு மகன்