இணைப்புத் திசுவுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மனித உடலின் திசுக்கள் குறித்து வெளிவந்த கட்டுரையில் எபிதீலியத் திசு (உடலின் உள், வெளிப் பரப்புகளை மூடும் திசு), இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என 4 வகைகளும் சரியாகவே குறிப்பிடப்பட்டிருந்தன. ஆனால், இணைப்புத் திசுவை ஒரே வரியில் முடித்துவிட்டது குறையாகவே பட்டது.

எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண், கொழுப்பு ஆகியவற்றோடு, பலரும் எதிர்பாராத வகையில், இரத்தமும் இணைப்புத் திசுவாகவே வகைப்படுத்தப்படுகிறது. இதில் செல்களைவிட அவற்றுக்கு இடையே உள்ள பொருளுக்கே முக்கியத்துவம் அதிகம். எலும்பில் அது கால்சியம் உப்புகளால் இறுகியிருக்க, இரத்தத்திலோ பிளாஸ்மா என்னும் திரவமாக ஓடுகிறது. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லாததால், அதன் செல்களுக்கு வேண்டிய ஊட்டம் சுற்றியுள்ள திரவத்திலிருந்து மெல்ல ஊடுருவியே வந்து சேர வேண்டும். முறிந்த எலும்பு பெரும்பாலும் சில வாரங்களில் கூடிவிடும்போது, மூட்டில் தேய்ந்த குருத்தெலும்பு எளிதில் சீராகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மாரடைப்பைப் பற்றி அடிக்கடி எழுதும் தாங்கள் இதையும் சேர்த்து எழுதலாம்: இறந்துபோன இதயத் தசையின் இடத்தில் கொலாஜன் என்னும் உறுதியான புரத நார்கள் நிறைந்த இணைப்புத் திசு தழும்பாக உருவாகிறது. இதயச் சுவர் கிழிந்துவிடாமல் அது தாங்கிப் பிடிக்குமே தவிர, தசையைப் போலச் சுருங்கி இரத்தத்தை உந்தித் தள்ளாது. சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு இதயத்தின் திறன் குறைந்தே இருப்பது ஏன் என்று கேட்கும் வாசகர்களுக்கு, இந்த விளக்கம் பட்டியலைவிடப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்