இரண்டு கடிகாரங்களில் எதைக் கெர்னல் நம்புகிறது?

அன்புள்ள முகிலனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புதிய மின்சுற்றுப் பலகையில் லினக்ஸ் ஓடத் தொடங்கிவிட்டது என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சி தந்தது. ஆனால் மின்சாரம் போய்வரும் ஒவ்வொரு முறையும் அது 1970 ஜனவரி 1-இல் கண்விழிக்கிறது என்றும், அதனால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் யாவும் இன்னும் நடைமுறைக்கு வராதவை என நிராகரிக்கப்படுகின்றன என்றும் எழுதியிருந்தாய். பேட்டரியை மாற்றியும் நிலைமை மாறவில்லை என்றால், லினக்ஸின் மையநிரலான கெர்னல் வேறொரு கடிகாரத்தைப் பார்க்கிறது என்றே எனக்குப் படுகிறது.

நீ பொருத்தியிருக்கும் டிஎஸ்3231 நம்பகமான கடிகாரச் சில்லு. வெப்பநிலைக்கு ஏற்ப 32,768 ஹெர்ட்ஸ் அலைவைத் தானே திருத்திக்கொள்வதால், சாதாரண அறை வெப்பத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது. சிக்கல் அதனிடம் இல்லை. உன் ப்ராசஸருக்குள்ளேயும் ஓர் ஆர்டிசி, அதாவது நிகழ்நேரக் கடிகாரம், இருக்கும். பேட்டரி இணைப்பில்லாத அந்தக் கடிகாரம் முதலில் பதிவாகி ஆர்டிசி0 என்ற பெயரைப் பிடித்துக்கொள்ள, ஐ2சி என்னும் இணைப்புத் தடம் வழியாக வரும் டிஎஸ்3231 ஆர்டிசி1 ஆகிவிடுகிறது. பூட் ஆகும்போது, அதாவது கணினி தொடங்கும்போது, நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கெர்னலின் கான்ஃபிக் அமைப்போ, நாம் மாற்றாத வரை ஆர்டிசி0-ஐத்தான் சுட்டுகிறது. கெர்னலின் தகவல்களைக் காட்டும் சிஸ் கோப்பமைப்பில் ஒவ்வொரு ஆர்டிசியின் கீழும் 'ஹெச்சிடூசிஸ்' என்றொரு கோப்பு உண்டு. எதில் 1 என்றிருக்கிறதோ அந்தக் கடிகாரமே கணினிக்கு நேரம் தந்தது.

கான்ஃபிக்கில் பெயரை ஆர்டிசி1 என மாற்றினாலும் வேலை நடக்கும். ஆயினும் பலகையின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் இரண்டுக்கும் மாற்றுப்பெயர் கொடுத்து, டிஎஸ்3231-ஐ ஆர்டிசி0 ஆகவும் உள்கடிகாரத்தை ஆர்டிசி1 ஆகவும் நிலைநிறுத்துவதே சிறந்தது என்பேன். ஆர்டிசி0-ஐ எதிர்பார்க்கும் மற்ற நிரல்களும் அப்போது தாமாகவே சரியான கடிகாரத்திடம் போகும்.

கடிகாரத்தை இயக்கும் டிரைவரை, பிறகு தனியாக ஏற்றப்படும் மாட்யூலாக விடாதே. டிஎஸ்3231-க்கும் பயன்படும் டிஎஸ்1307 டிரைவர், அது நம்பியிருக்கும் ஐ2சி பஸ் டிரைவர் இரண்டையும் கெர்னலோடு சேர்த்தே கட்டு. மாட்யூல் ஏறும் வரை கணினி 1970-லேயே இருக்கும். அதற்குள் கோப்பமைப்புச் சோதனை ஓடி, கடைசியாக மவுன்ட் செய்த நேரம் எதிர்காலத்தில் இருக்கிறதென்று முறையிடும், பதிவுகளும் தவறான தேதியோடு எழுதப்பட்டுவிடும்.

கடிகாரத்தில் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தையே வை. பிணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி ஒத்திசைந்த பிறகு, கணினி நேரத்தை ஆர்டிசிக்குத் திருப்பி எழுதும் வசதியை இயக்கியிருந்தால், கெர்னலே சுமார் 11 நிமிடங்களுக்கு ஒருமுறை அதைச் செய்துவிடும். பேட்டரி இல்லாமல் கிடந்த டிஎஸ்3231 அலைவு நின்றதைத் தன் பதிவேட்டில் குறித்து வைத்திருக்கும்; ஆகவே முதல் முறை பூட் ஆகும்போது நேரத்தை அமைக்கச் சொல்லி டிரைவர் எச்சரித்தால் கலங்க வேண்டாம், ஹெச்டபிள்யூகிளாக் கட்டளையால் ஒருமுறை எழுதினால் போதும்.

மாற்றியபின் பூட் பதிவில் ஆர்டிசி பற்றிய வரிகளை மட்டும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
செழியன்