சீனப் பாடத்தை ஒரு சட்டையிலிருந்து தொடங்குங்கள்: இளம் வரலாற்று ஆசிரியருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். பண்டைய சீனாவைப் பற்றிய பாடத்தில் பெருஞ்சுவரும் பேரரசரும் சுடுமண் வீரர்களும் முடிந்த பிறகு, “அந்த ஊர்ச் சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள்?” என்று பிள்ளைகள் கேட்டதாகவும், பட்டு உடுத்தினார்கள், குச்சிகளால் உண்டார்கள் என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிட மனமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இதே கேள்வி வேறு ஆசிரியர்களுக்கும் வரக்கூடியது என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பண்டைய சீனர் என்று ஒரே மூச்சில் சொல்லும்போது, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளையும் பல நாடுகளையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். அப்படிக் கட்டிய மூட்டையிலிருந்து எதை எடுத்துச் சொன்னாலும் அது பாதிதான் உண்மையாக இருக்கும். ஆகவே ஓர் ஊரையும் ஒரு தலைமுறையையும் தேர்ந்துகொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். நான் பரிந்துரைப்பது கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் அன்லு என்னும் ஊரை. அந்த ஊர் இருந்த, இன்றைய ஹூபேய் மாகாணத்தின் யுன்மெங் பகுதியில், ஷுய்ஹுடி என்ற இடத்தில், 1975 இறுதியில் கால்வாய் வெட்டும்போது சில கல்லறைகள் வெளிப்பட்டன. அவற்றில் 11-ஆம் எண் கல்லறையில் கிடந்தவர் ஷி என்னும் எழுத்தர். சீனா முழுவதையும் முதன்முதலில் ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்த சின் அரசின் கீழ்நிலை அலுவலராகப் பணியாற்றிய அவரது உடலைச் சுற்றி, சட்டங்களும் விசாரணைப் படிவங்களும் நாள் பார்க்கும் நூல்களும் எழுதப்பட்ட மூங்கில் கீற்றுகள் ஆயிரத்துக்கும் மேல் வைக்கப்பட்டிருந்தன. 4-ஆம் எண் கல்லறையிலோ மையால் இருபுறமும் எழுதிய இரண்டு மரப்பலகைகள் இருந்தன. சீன மண்ணில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய குடும்பக் கடிதங்கள் அவைதாம்.

எழுதியவர்கள் ஹெய்ஃபு, ஜிங் என்ற இரு சகோதரர்கள். சின் படையில் சேர்ந்து, கி.மு. 223-ஐ ஒட்டிய காலத்தில் ஹுவாய்யாங் பக்கம் ஒரு நகரை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தவர்கள், ஊரில் இருந்த தம் சகோதரன் ஜோங்குக்கு எழுதுகிறார்கள். அம்மா நலமா என்ற விசாரிப்பு முடிந்தவுடன் பேச்சு துணிக்குத் திரும்புகிறது. அன்லுவில் துணி மலிவாக இருந்தால் அம்மா கோடைக்கேற்ற உள்துணியில்லாத பாவாடையும் சட்டையும் தைத்துப் பணத்தோடு சேர்த்து அனுப்பட்டும். விலை ஏறியிருந்தால் பணம் மட்டும் வரட்டும், இங்கேயே துணி வாங்கித் தைத்துக்கொள்கிறேன் என்கிறான் ஹெய்ஃபு. போரில் காட்டிய திறனுக்காக வீட்டுக்குத் தர வேண்டிய பட்டம் வந்ததா என்றும் கேட்கிறான். ஜிங்கின் கடிதம் இன்னும் பதற்றமானது: ஐந்நூறு அறுநூறு காசும், நல்ல துணி 25 சாணுக்குக் குறையாமலும் வேண்டும், வேறொருவர் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டேன், வீட்டிலிருந்து வராவிட்டால் செத்தேன், அவசரம், அவசரம், அவசரம். அதே கடிதத்தில், வீட்டுப் பெண்பிள்ளை விறகு பொறுக்கத் தொலைவு போகக் கூடாது என்று கண்டித்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறான்.

(சாண் என்று எழுதுவது வசதிக்காக. சின் நாட்டின் நீட்டல் அளவு சுமார் 23 செ.மீ.; நம் சாணும் ஏறத்தாழ அவ்வளவே.)

இந்தக் கடிதங்களின் பொருள் முழுதாக விளங்குவது, ஷியின் சட்டக் கீற்றுகளை அருகில் வைத்துப் படிக்கும்போதுதான். சின் நாட்டில் துணியே ஒரு நாணயம். 8 சாண் நீளமும் இரண்டரைச் சாண் அகலமும் உள்ள துண்டு ஒரு ‘துணி’. தரம் குறைந்ததும் அளவு பிசகியதும் செல்லாது. நடுவில் சதுரத் துளையிட்ட வட்டக் காசுகள் பதினொன்று ஒரு துணிக்குச் சமம். அரசு அடிமைகளுக்கும் தண்டனைக் கைதிகளுக்கும் உடைக்கென ஒதுக்கிய தொகையைப் பாருங்கள்: மனைவியில்லாத அடிமைக்குக் குளிர்காலத்தில் 110 காசு, கோடையில் 55, உருவில் சிறியவனுக்கு 77, 44. எல்லாமே பதினொன்றின் மடங்குகள். எங்கோ ஒரு காலத்தில் பத்துத் துணி, ஐந்து துணி என்று அளந்து கொடுத்த வழக்கம், காசு வந்த பிறகும் கணக்கில் தங்கிவிட்டது என்று நான் கருதுகிறேன். கடனுக்காக அரசிடம் உழைத்துக் கழிப்பவருக்கு ஒரு நாள் உழைப்பு 8 காசு என்றும் சட்டம் சொல்கிறது. ஜிங் கேட்ட அறுநூறு காசு அந்தக் கணக்கில் எழுபத்தைந்து நாள் உழைப்பு. இந்த வகுத்தலைப் பிள்ளைகளே கரும்பலகையில் போடட்டும். ‘அவசரம்’ என்பதன் எடை அவர்களுக்குத் தானே புரியும்.

அடுத்து, நான் மிகவும் விரும்பிப் படிக்கும் பகுதி: திருட்டு விசாரணை. எழுத்தர்கள் அறிக்கை எழுதப் பழகுவதற்கான மாதிரிப் படிவம் என்பதால் பெயர்கள் நீக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் தம் பஞ்சு வைத்த மேலங்கியை இரவில் உள்ளறையில் வைத்துக் கதவடைத்துவிட்டு, மனைவியோடு கூடத்தில் படுத்துறங்குகிறார். காலையில் எழுந்து பார்த்தால் சுவரில் கன்னமிட்ட துளை. அங்கியைக் காணவில்லை, வேறெதுவும் போகவில்லை. விசாரிக்க வந்தவர்கள் துளையின் அளவையும் கருவியின் தடத்தையும், கிளறிய மண்ணில் பதிந்த முழங்கால், கைத் தடங்கள் ஒவ்வொன்றும் ஆறு என்பதையும், வெளியே பதிந்த காலடித் தடம் தேய்ந்த பழைய செருப்புடையது போல் இருப்பதையும் குறித்துக்கொள்கிறார்கள். அங்கியைப் பற்றி உடைமைக்காரர் சொல்கிறார்: இரண்டாம் மாதத்தில் தைத்தது, 50 சாண் துணி, உள்ளே பட்டு, பட்டுப்பஞ்சு அடைத்தது, ஓரத்துக்குத் தனியாக 5 சாண் பட்டு. அண்டை வீட்டுக்காரரோ, அவரிடம் கரை வைத்த புதிய அங்கி இருந்ததைப் பார்த்திருக்கிறேன், உள்ளே என்ன துணி என்று தெரியாது என்று சாட்சி சொல்கிறார். நம் பாடநூல்களில் ஒரே வரியில் முடிந்துபோகும் ‘சீனர்கள் பட்டு உடுத்தினர்’ என்ற வாக்கியத்தை இதனருகில் வைத்துப் பாருங்கள். இந்தப் பட்டு ஒரு குடும்பத்தின் சொத்து. அதற்காகச் சுவரைத் துளைக்க ஒருவன் துணிகிறான். அதன் கரை பக்கத்து வீட்டுக்காரர் நினைவில் நிற்கிறது. பட்டுப்பஞ்சு வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்குச் சணல்நார் அங்கி இருந்தது. பெரிய அளவில் ஒன்று 60 காசு.

வீட்டைக் காட்டவும் ஒரு படிவம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரின் உடைமைகளை முத்திரையிடும்போது எழுதும் பட்டியல் அது: ஒரு கூடம், கதவுள்ள இரண்டு உள்ளறைகள், ஓட்டுக் கூரை, வாசலில் பத்து முசுக்கட்டை மரங்கள், மணமாகாத மகள், ஆறரைச் சாண் உயரமுள்ள மகன், ஓர் அடிமை, ஒரு பணிப்பெண், ஓர் ஆண் நாய். அந்த வாசல் மரங்களின் இலையைத்தான் பட்டுப்புழு தின்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல மறக்காதீர்கள்.

உணவைப் பற்றி அதிகம் நீட்ட வேண்டியதில்லை. அரசுப் பணியாக வழியில் தங்கும் அலுவலருக்குத் தீட்டிய தானியம், கொஞ்சம் புளிக்கவைத்த குழம்பு, கீரைச் சாறு, வெங்காயத்தாள் என்று சட்டமே அளந்து கொடுக்கிறது. எளியவர் இலை அதைவிடச் சுருக்கமாகத்தான் இருந்திருக்கும். வேளாண்மைக்கு மட்டும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள்: உழவுக்கு விட்ட அரசு மாட்டின் சுற்றளவு குறைந்தால், குறைந்த ஒவ்வொரு விரற்கடைக்கும் அதன் பொறுப்பாளருக்குப் பத்து அடி. ஆண்டு மதிப்பீட்டில் முதலிடம் வந்தால் மேற்பார்வையாளருக்கு ஒரு குடம் மதுவும் ஒரு கட்டு உப்புக்கண்டமும்.

சட்டத்துக்கு அப்பால் மக்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதை நாள் பார்க்கும் நூல்கள் காட்டுகின்றன. மணமுடிக்க, பயணம் புறப்பட, புதுத்துணி வெட்ட எந்த நாள் ஆகும், எந்த நாள் ஆகாது என்று அவை சொல்கின்றன. கெட்ட கனவு கண்டவர் விழித்ததும் கூந்தலை அவிழ்த்துவிட்டு வடமேற்கு நோக்கி அமர்ந்து வேண்டிக்கொள்ள வேண்டும். விடாது தொந்தரவு செய்யும் பேயை முள்மரக் கத்தியால் குத்த வேண்டும். வழியில் தீங்கு செய்யும் தெய்வம் இருந்தால் நாய்ச்சாணத்தை உருண்டையாக்கிக் கையில் கொண்டுபோய் எறிய வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் சட்டக் கீற்றுகளை வைத்திருந்த அதே அலுவலரின் கல்லறையில்தான் இந்நூல்களும் இருந்தன என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். அவர் இரண்டையும் நம்பியிருக்க வேண்டும்.

நேரம் இருந்தால் ஷியின் ஆண்டுக் குறிப்பையும் காட்டுங்கள். எந்த ஆண்டில் எந்த நகரைத் தாக்கினார்கள் என்று வரிசையாகப் போகும் அந்தப் பட்டியலின் நடுவே, ஓர் ஆண்டில் சேவல் கூவும் வேளையில் தாம் பிறந்ததும், பின்னர் எழுத்தரானதும், பிள்ளைகள் பிறந்ததும், தந்தையும் தாயும் இறந்ததும் அதே சுருக்கத்தோடு வருகின்றன. பேரரசர் சின் ஷி ஹுவாங் கி.மு. 219-இல் அன்லு வழியாகச் சென்றதற்கும் சில எழுத்துகளே கிடைத்திருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. இக்கீற்றுகளில் பெரும்பாலானவை அரசின் கண் வழியாக எழுதப்பட்டவை. பெண்கள் அவற்றில் பெரும்பாலும் மனைவியாகவும் மகளாகவும் அடிமையாகவுமே வருகிறார்கள். துணியின் விலை பார்த்து உடை தைத்துத் தரும் ஓர் அம்மாவைக் கடிதங்கள் காட்டுகின்றன. எனவே பாடத்தை ஹெய்ஃபுவின் கடிதத்தில் தொடங்கி, துணிச் சட்டத்துக்கும் திருடுபோன அங்கிக்கும் போய், பிறகு மற்றவற்றுக்கு வாருங்கள். படம் வரையச் சொன்னால் நாற்காலி வேண்டாம். அன்லுக்காரர்கள் பாயில் மண்டியிட்டு அமர்ந்தவர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உங்கள் மூத்த ஆசிரியர்