மூன்றாவது பம்ப் வாங்காதே

அன்புள்ள சண்முகம்,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் சுகம். செல்விக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை தனியாக வரும். இந்தத் தடவை பந்தியில் உன்னையும் குமாரையும் அடுத்தடுத்து உட்கார வைப்பதாக இல்லை.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. கார் மறுபடியும் பைபாஸில் நின்றுவிட்டது, டேங்குக்குள் மாட்டுகிற மூன்றாவது பெட்ரோல் பம்புக்கு நீ பணம் கட்டப் போகிறாய் என்று மாரிமுத்து அண்ணன் சொன்னார். டேய், கட்டாதே. இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது கட்டாதே.

அண்ணன் சொன்னதை வைத்துப் பார்த்தால், காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. வெயிலில் நல்ல ஓட்டம் ஓடியதும் மேட்டில் இழுவை போகிறது, பிறகு அணைந்துவிடுகிறது. நிழலில் கொஞ்ச நேரம் நின்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. பம்ப் மாற்றினால் ஒன்றிரண்டு மாதம் தொல்லை இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குக் குறி காட்டுகிறது. பம்பை மாற்றுகிறவர் பின்சீட்டைத் தூக்கி, டேங்க் மூடிமேல் இருக்கும் கப்ளரை, அதாவது வயர் இணைப்புச் செருகியை, கழற்றித் திரும்ப மாட்டியே ஆக வேண்டும். அப்போது பின்கள் ஒன்றோடொன்று உரசி, கருத்துப்போன மேல்பரப்பு கொஞ்சம் சுத்தமாகிறது. சில வாரம் கரண்ட் ஒழுங்காகப் போகிறது. பேர் வாங்கிக்கொள்வது புதுப் பம்ப்.

"12 வோல்ட் வருது, வயரிங் ஓகே" என்று எலக்ட்ரீஷியன் சொன்னாராமே. கப்ளரைக் கழற்றிவிட்டு வயர் முனையில் மீட்டர் வைத்திருப்பார். அந்த நேரத்தில் லைனில் கரண்டே ஓடவில்லை. ஒரே ஒரு இழை செம்பு மிச்சமிருந்தாலும் மீட்டர் 12.6 காட்டும். நைந்த கிணற்றுக் கயிறும் வாளி கட்டாத வரைக்கும் நன்றாகத்தான் தொங்கும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் அது அளவு.

அதனால் கப்ளர் மாட்டியபடியே இருக்கட்டும். இன்ஜினை ஐட்லிங்கில் விடு. கப்ளரின் பின்பக்கம், வயர் நுழைகிற இடத்தில் மெல்லிய ஊசி முனையைச் செருகி அள. பேட்டரியில் 14 வோல்ட் இருந்தால் பம்பில் 13.5-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 11.5 வந்தால் 2.5 வோல்ட் வழியில் தொலைகிறது. பம்ப் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வை: அந்த இடத்தில் 12.5 வாட் சூடு. விரல்நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள் அவ்வளவு சூடு இருந்தால் உருகாமல் என்ன செய்யும்? இவ்வளவுக்கும் காரணம் வெறும் அரை ஓம். அதை ஓம் மீட்டர் வைத்துத் தேடாதே. மீட்டர் வயருக்கே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும்.

தொலைகிற இடத்தைப் பிடிக்க மீட்டரை வோல்ட்டிலேயே வைத்து, சிவப்பு முனை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு முனை பம்பின் பிளஸ் பின்னில். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பக்கம் நல்லது. அதிகமாக இருந்தால் கறுப்பு முனையை மட்டும் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே வா: ரிலேயின் (பம்புக்குக் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) 87 என்ற பின், பிறகு 30 என்ற பின், பிறகு ஃப்யூஸின் இரண்டு பக்கமும். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் எண் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் கோளாறு. எர்த் பக்கமும் இதே மாதிரி, பம்பின் எர்த் பின்னிலிருந்து பேட்டரி மைனஸுக்கு. 0.2-க்கு மேல் போனால் விடாதே. எர்த் போல்ட் பெரும்பாலும் பின்சீட் ஓரத்தில் அல்லது டிக்கிக் கம்பளத்துக்கு அடியில் இருக்கும். பெயின்ட் மேலேயே முடுக்கியிருப்பார்கள், இல்லை துருப் பிடித்திருக்கும். எத்தனையோ வண்டியில் பிளஸ் பக்கத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பார்கள், எர்த்தைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம்.

நடுரோட்டில் மட்டும் வருகிற கோளாறை ஷெட்டில் பிடிக்க முடியாது என்பார்கள். முடியும். பம்ப் பிளஸ்ஸில் ஃப்யூஸ் வைத்து ஒரு வயர், எர்த்தில் ஒரு வயர், இரண்டையும் டேஷ்போர்டு வரைக்கும் இழுத்து மீட்டரில் கொடுத்துவிட்டு ஓட்டு. பக்கத்தில் மாரிமுத்து அண்ணன் உட்கார்ந்து மீட்டரைப் பார்க்கட்டும், அவருக்கும் பொழுது போகும். இழுவை குறையும்போது எண்ணும் இறங்கினால் லைன்தான் குற்றவாளி. இன்ஜின் அணைகிற நொடி வரைக்கும் 13-க்கு மேலேயே நின்றால் பம்பையோ டேங்குக்குள் இருக்கும் வயரையோ சந்தேகப்படலாம்.

சாவி போட்டதும் பம்ப் இரண்டு மூன்று வினாடி ஓடி நிற்கும், அது பழுது இல்லை. இன்ஜின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சார் சொன்னால்தான் இசிஎம், அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், மறுபடி ரிலேயைப் போடும். ஆகவே வண்டி நின்றதும் செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பார். செத்துக் கிடந்தால் சூட்டில் கிராங்க் சென்சாரே படுத்திருக்கலாம். அதற்கும் இதே மாதிரிதான், ஆறினால் எழுந்துவிடும். சாவி விளக்கு சிமிட்டினால் இம்மொபிலைசர், அதாவது திருட்டுத் தடுப்புப் பூட்டு. ரிலே 'டிக்' என்பதை நம்பிவிடாதே. உள்ளே கம்பிச் சுருள் (காயில்) இழுக்கிறது என்பதற்குத்தான் அது அடையாளம். உள்ளே 30-87 காண்டாக்ட் கருகியிருந்தாலும் டிக் என்னும். ஹார்ன் ரிலேயும் அதே பார்ட் நம்பராக இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார், காசில்லாத சோதனை.

இன்னொன்று, உன் வண்டியில் கேஸ் கிட் இருக்கிறதே! கேஸில் ஓடும்போது பெட்ரோல் பம்பை நிறுத்த, பம்ப் வயரை நடுவில் வெட்டித் தனி ரிலே வைப்பது வழக்கம். அந்த ஜாயிண்டைத் தேடிப் பிடி. முறுக்கி டேப் சுற்றியிருந்தால் கப்ளருக்கு முன்னாலேயே அதை அளந்துவிடு. ரிலே நிறுத்தாத வண்டியில் கேஸ் ஓட்டத்திலும் பம்ப் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பம்ப் மோட்டாரைக் குளிர வைப்பது பெட்ரோல்தான். கேஸ் இருக்கிறதே என்று டேங்கைக் காய விட்டால் நல்ல பம்பும் கருகும். கால் டேங்காவது எப்போதும் வைத்திரு.

கப்ளரைக் கழற்றினால் வெளிச்சத்தில் வைத்துப் பார். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பாகி இருக்கும், அந்தப் பின் பளபளப்பு போய் நீலம் கலந்த கறுப்பாக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே. மேல்பூச்சு போய்விடும், சூடு பட்ட பெண்-பின் ஸ்பிரிங் மறுபடி இறுகிப் பிடிக்காது. இரண்டு பக்கப் பின்னையும் மாற்ற வேண்டும், பழைய வயரின் கனத்துக்குக் குறையாத வயரில், சரியான கிரிம்ப் (பின்னை வயரோடு நசுக்கி இறுக்குவது) போட்டு. மூடியிலேயே பின் கருகியிருந்தால் மூடி செட்டோடு மாற்று. டேங்குக்குள் சாதா வயரும் இன்சுலேஷன் டேப்பும் போகவே கூடாது; பெட்ரோலில் ஊறி உரிந்துவிடும்.

இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன், கேள். பம்புக்கு நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் டேங்க் பக்கத்தில் வயரை உரசிப் பார்க்காதே. ரிலேயைக் கழற்றிவிட்டு, பானெட்டுக்குள் 30-க்கும் 87-க்கும் 15 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த வயர் போடு. மூடியைத் திறக்கும் முன் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, பெட்ரோல் மோடில் இன்ஜின் தானாக அணைகிற வரை ஓட விட்டு பிரஷரை இறக்கு. பிறகு பேட்டரி மைனஸைக் கழற்று. கதவெல்லாம் திறந்திருக்கட்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். பீடி பிடிக்கிற அந்தப் பையனை அந்தப் பக்கமே விடாதே.

அளந்ததும் மூன்று எண் எழுதி அனுப்பு: பம்பில் வோல்ட், எர்த் பக்க இழப்பு, டிசி கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கிறது) ஆம்பியர். 4-லிருந்து 7-க்குள் இருந்தால் பொதுவாகச் சரி. கூடுதலாக இழுத்தால் ஃபில்டர் அடைத்திருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். வோல்ட் முழுசாக வந்து, ஃபில்டரும் புதிதாக இருந்து, கேஜில் 3 பார் பக்கத்தில் பிரஷர் ஏறவில்லை என்றால், அப்போது நானே வந்து உன்னோடு கடைக்கு நடக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். சின்னவன் ரிசல்ட் என்ன ஆச்சு என்று எழுது.

அன்புடன்,
ராஜேந்திரன்