நாட்காட்டித் தாளும் நீர் மாத்திரையும்: இதய ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இதயச் செயலிழப்பு பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும், அந்த நோயாளிகளைத் தினமும் பார்க்கிற மருத்துவர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து எழுதுகிறேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் கணக்கு எழுதுவது என் வேலை. அப்பா முப்பது வருஷம் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டியவர். எந்தத் தேயிலைக் காட்டை எந்த வருஷம் வெட்டினார்கள், எங்கே பாறை இருக்கிறது, எந்தச் சரிவில் அட்டை அதிகம் என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வார். மேஸ்திரிகூட அவரிடம் கேட்டுத்தான் எழுதிக்கொள்வார்.

நான்கு வருஷத்துக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னுள் நிரம்பிய ரத்தத்தில் 30 சதவீதத்தைத்தான் இதயம் வெளியே தள்ளுகிறது என்று எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், எழுதியிருந்தது. 55-க்கு மேல் இருக்க வேண்டுமாம். ‘இதயச் செயலிழப்பு’ என்ற சொல்லைக் கேட்டதும், இதயமே நின்றுவிட்டது என்று நினைத்து அம்மா அழுதார். பலவீனமாகிவிட்டது, நிற்கவில்லை என்று புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்தச் சொல்லைச் சொல்லும்போது கூடவே இதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

கீழே சமவெளியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ் ஆன அன்று நான் பில் கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வந்துதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீர் அளவோடு குடிக்க வேண்டும், தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே வர வேண்டும், உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையை விடவே கூடாது. அப்பா எல்லாவற்றுக்கும் “சரிங்க” என்று சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் “டாக்டர் என்னப்பா சொன்னாங்க?” என்று கேட்டேன். “நல்லா இருக்கேன்னு சொன்னாங்க” என்றார். மூன்றே வாரத்தில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, நடுராத்திரி வண்டி பிடித்து அதே மலைப்பாதையில் இறங்கினோம்.

அதன்பிறகு நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். காலை மாத்திரை போட்டதும் தினசரி நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழிக்கச் சொன்னேன். ஒரு வாரம் சரியாகப் போனது. அப்புறம் ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், செவ்வாய்க்கிழமை வீட்டில் வெள்ளிக்கிழமை தொங்கிக்கொண்டிருந்தது. கிழித்த மூன்று தாள்களும் மடித்து அவர் சட்டைப்பையில் இருந்தன. மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினேன். அன்றைக்கு மூன்று நீர் மாத்திரை போட்டிருந்தார். எழுந்து நின்றவர் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷக் கவாத்துக் கணக்கைத் தலையில் வைத்திருந்த மனிதர், “இன்னிக்குப் போட்டேனா இல்லையான்னு தெரியலம்மா, அதான் மறுபடி போட்டேன்” என்றார்.

வயசானால் மறதி வருவதுதானே என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு பயிற்சி மருத்துவர், சின்னப் பெண், அப்பாவிடம் மூன்று வார்த்தை சொல்லி, ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா வட்டத்தை அழகாகப் போட்டார். ஆனால் பன்னிரண்டு எண்ணையும் வலது பக்கமே நெருக்கி எழுதினார். மூன்று வார்த்தையில் ஒன்றுதான் நினைவிருந்தது. மொத்தம் மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. நான்கு வருஷத்தில் அப்பாவின் மறதியை ஒருவர் சோதித்துப் பார்த்தது அந்த ஒரே தடவைதான். இனி மாத்திரைப் பொறுப்பு உங்களுடையது, அவருடையதாக இருக்க வேண்டாம் என்று என்னிடம் சொன்னதும் அந்தப் பயிற்சி மருத்துவர்தான்.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான்; ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் 15 சதவீதத்துக்குக் குறையாமல் அதற்குப் போகிறது. இதயம் தளர்ந்தால் அங்கே தட்டுப்பாடு வராமல் இருக்குமா? 2001-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மூளைக்குப் போகும் ரத்தம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்தது. மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு அது கிட்டத்தட்ட இயல்புக்குத் திரும்பியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவிடம் குறைந்துபோனதில் கொஞ்சமாவது திரும்பி வரக்கூடியதாக இருக்கலாம் அல்லவா? இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் நான்கில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை நினைவிலோ கவனத்திலோ திட்டமிடுவதிலோ தடுமாறுகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இத்தனை பேருக்கு வருகிற ஒன்றை ஏன் எக்கோ மாதிரி வழக்கமாகப் பார்ப்பதில்லை?

இதயத் தசையைச் சரிசெய்ய நீங்கள் செய்யும் பொருள்களைப் பற்றியும் படித்தேன். அப்பாவிடம் அதை அவர் மொழியில்தான் சொன்னேன். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் சில மாதத்தில் துளிர்த்துவிடும். இதயத் தசை அப்படி இல்லை. 25 வயதில்கூட வருஷத்துக்கு 1 சதவீத தசைச் செல்கள்தான் புதிதாகின்றன, 75 வயதில் அரை சதவீதத்துக்கும் கீழே என்று 2009-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதனால் மாரடைப்பில் செத்த இடம் தழும்பாகவே நின்றுவிடுகிறது. அந்தத் தசைக்குத் தாங்கலாகத்தான் கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் ஜெல்லை, 78 பேர் கொண்ட ஒரு சோதனையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயச் சுவரில் செலுத்திப் பார்த்தார்கள். பன்றியின் இதயத் தசையிலிருந்து செல்களைக் கழுவி நீக்கி, மிஞ்சிய சட்டகத்தை ஜெல்லாக்கி, ரத்தக் குழாய்க்குள் விடும் மெல்லிய குழாய் வழியாகவே இதயத்துக்குள் செலுத்துவதை அமெரிக்காவில் 15 பேரிடம் சோதித்து, அதன் முடிவை 2019-ல் வெளியிட்டார்கள். நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையம் செய்த இதய வால்வு 1990-லேயே மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இந்த வேலையைச் செய்யத் தெரிந்த கைகள் நம்மிடமும் உண்டு. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பந்தல் போட்டுக் கொடுத்தா கொடி ஏறும்னு பாக்கறாங்க” என்றார். அன்றைக்கு அவருக்கு நல்ல நாள்.

இந்தச் சோதனைகளில் ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார், எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிறார் என்று அளக்கிறீர்கள். அவசியம்தான். கூடவே கடிகாரம் வரையச் சொல்லுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும். ஜெல் இதயத்துக்குள் வேலை செய்தால் அது மூளைக்கும் போய்ச் சேருகிறதா என்று எங்களைப் போன்ற வீடுகளுக்குத் தெரிய வேண்டும். அப்பா மறுபடி ஒரு கிலோமீட்டர் நடந்தால் சந்தோஷம். மாத்திரை போட்டோமா என்று அவருக்கே தெரிந்தால் நான் நிம்மதியாக வேலைக்குப் போவேன்.

இன்னொன்று. நினைவுக் குறைவு உள்ளவர்களைச் சேர்க்க மாட்டோம் என்ற நிபந்தனை பல ஆய்வுகளில் இருப்பதைப் பார்த்தேன். சம்மதம் வாங்குவதில் உள்ள சிக்கல் புரிகிறது. ஆனால் இத்தனை பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டு வருகிற முடிவு அவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? வீட்டில் இருப்பவரையும் உட்காரவைத்து, நிதானமாகச் சொல்லி, இருவரிடமும் கேளுங்கள். மலைக்கும் வாருங்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். தளர்ந்த இதயத்தோடு இந்தக் குளிரிலும் ஏற்றத்திலும் வாழ்கிறவர்களைப் பற்றிச் சமவெளி வார்டில் உட்கார்ந்து முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது.

டிஸ்சார்ஜ் நாளில் வீட்டு ஆள் வரும்வரை பத்து நிமிஷம் காத்திருங்கள். இதற்கு ஆராய்ச்சிப் பணம் எதுவும் வேண்டாம்.

கொழுந்து நிறுத்து எழுதிய பழக்கத்தில் அப்பாவுக்கும் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். இரண்டு வருஷமாகத் தினமும் காலை எடை, கால் வீக்கம், எத்தனை தலையணை வைத்துத் தூங்கினார், அன்றைக்கு எதை மறந்தார் என்று தேதியோடு இருக்கிறது. வீக்கம் கூடிய வாரங்களில் மறதியும் கூடியிருப்பதாக எனக்குத் தெரிகிறது. நான் தப்பாகப் பார்த்திருக்கலாம். அடுத்த மாதம் பரிசோதனைக்கு வரும்போது நோட்டைக் கொண்டுவருகிறேன். யாராவது ஒருவர் புரட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு மகள்